எழுத்துப் பட்டறையில் சந்தேகத்தின் இடம்

எழுத்துப் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்கள். ஒரு கதையையோ சில கவிதைகளையோ எழுதி முடித்து, அவை தேறுமா தேறாதா என்று தெரியாமல் வருகிறவர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் முன்கூட்டியே படித்துவந்து பேசுவதுதான் பட்டறை. அங்கே இரண்டு காரியங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கின்றன. தனக்கு எழுத வராது என்ற சந்தேகம், வீட்டில் இருந்ததைவிடப் பெரிதாகிறது. அதே நாட்களில், வீட்டில் மாதக்கணக்கில் நகராத எழுத்து மளமளவென்று நகரவும் செய்கிறது. ஒன்று போனால்தான் மற்றது வரும் என்பது பரவலான எண்ணம். பட்டறைகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தன் எழுத்தை இன்னொருவர் அக்கறையோடு படிக்கிறார் என்ற நிலைதான் இரண்டுக்கும் ஊற்று. நல்ல பட்டறை சந்தேகத்தைப் போக்குவதில்லை. எழுதுகிறவர் தன்மேல் வைத்திருக்கும் சந்தேகத்தை எடுத்து, எழுதிய வரியின்மேல் வைக்கிறது. மோசமான பட்டறை இதைத் தலைகீழாகச் செய்கிறது: வரியில் இருக்கும் குறையை எழுதியவரின் குறையாக்கி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது.

பட்டறை என்ற முறை வேர்விட்ட ஊர், அமெரிக்காவின் நடுமேற்கில் சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் அயோவா சிட்டி. மேற்பட்டத்துக்கு ஆய்வேட்டுக்குப் பதிலாகப் படைப்பையே கொடுக்கலாம் என்று அயோவா பல்கலைக்கழகம் 1922-ல் அறிவித்தது. 1936-ல் வில்பர் ஷ்ராம் தலைமையில் அங்கே எழுத்தாளர் பட்டறை முறையாகத் தொடங்கியது. அவருக்குப் பின் வந்த கவிஞர் பால் எங்கிள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தி, நாடறிந்த இடமாக வளர்த்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து, திரும்பிவந்த படைவீரர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்றுக்கொண்டபோது கூட்டம் பெருகியது. இடம் போதாமல், ஆற்றங்கரையில் போட்டிருந்த தற்காலிகக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன.

அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்கு வேறொரு மரபு உண்டு. பல்கலைக்கழகங்கள் அவர்களை இலக்கியக்காரர்களாகவே எண்ணாத காலத்தில், 1956-ல், டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் மூவரும் பென்சில்வேனியா மாநிலத்தின் மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில் ஒரு சந்திப்பைத் தொடங்கினார்கள். ஏற்கெனவே அச்சில் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் விமர்சித்துக்கொள்ளும் கூட்டம் அது. அங்கே உருவான ஒழுங்கை எடுத்து, புதிதாக எழுதுகிறவர்களுக்காக ராபின் ஸ்காட் வில்சன் 1968-ல் அதே மாநிலத்தின் கிளாரியன் கல்லூரியில் ஆறு வாரப் பட்டறை ஒன்றை அமைத்தார்.

அந்த ஒழுங்கு எளிமையானது. முந்தின நாளே பிரதி எல்லோர் கைக்கும் போய்விடும். மறுநாள் காலை வட்டமாக உட்கார்கிறார்கள். ஒரு கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. எழுதியவரோ கடைசி ஆள் பேசி முடிக்கும் வரை வாயே திறக்கக் கூடாது. பிறகுதான் அவருக்கு முறை வரும். சுற்று நடக்கும்போது எழுதியவர் செய்யக்கூடியதெல்லாம் காகிதத்தில் குறித்துக்கொள்வது ஒன்றுதான். முதல் இருவர் சொல்வதை அவர் ஒழுங்காக எழுதிக்கொள்வார். மூன்றாமவர், தன் கதையின் உயிர் என்று அவர் நினைத்திருந்த பத்தியை அநாவசியம் என்று சொல்வார். நான்காமவர் அதே பத்திதான் கதையில் தேறியது என்பார். ஐந்தாமவர் கதையைப் பாதிதான் படித்திருக்கிறார் என்பது அவர் பேச்சிலேயே தெரியும். குறிப்பெழுதும் கை அங்கே நின்றுவிடும். அன்றிரவு விடுதி அறையில் அந்தக் காகிதத்தைத் திரும்பப் பார்க்கும்போது, பாராட்டு எதுவும் நினைவுக்கு வராது.

இந்த இடத்தில் எழும் சந்தேகத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது தவறு. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. எழுத்தை அளக்க அளவுகோல் கிடையாது. ஓட்டப்பந்தயத்தில் கடிகாரம் இருக்கிறது; கதைக்கு அப்படி எதுவும் இல்லை. நேரடி அளவு கிடைக்காத இடங்களில் மனிதர்கள் தம்மையொத்த பிறரோடு ஒப்பிட்டுத்தான் தம்மை மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954-ல் விளக்கினார். பட்டறையைப்போல இந்த ஒப்பீட்டுக்கு வசதியான இடம் வேறு இல்லை. ஆனால் ஒப்பீடு நியாயமாக நடப்பதில்லை. பிறருடையதில் கண்ணுக்குத் தெரிவது தட்டச்சு செய்து திருத்தி முடித்த பிரதி. தன்னுடையதில் தெரிவதோ அடித்த வரிகள், கைவிட்ட தொடக்கங்கள், எழுத முடியாமல் போன நாட்கள் எல்லாம். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் இதே குப்பை வீட்டில் கிடக்கிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. தேர்வாகி வந்த பின்பும், தவறுதலாகத்தான் தேர்வாகிவிட்டோம், சீக்கிரம் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற அச்சம் சிலரை விடுவதில்லை. சாதித்த பெண்களிடம் இந்த அச்சம் இருப்பதை பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் எழுதிய கட்டுரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அங்கீகாரம் கூடக்கூட இந்த அச்சம் குறையும் என்று எதிர்பார்ப்போம். குறைவதில்லை. ஏமாற்றிவிட்டோம் என்று எண்ணுகிறவருக்கு ஒவ்வொரு புதிய பாராட்டும் ஏமாற்றிய கணக்கில்தான் சேரும்.

எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானர் 1945-ல் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து அயோவாவுக்கு வந்தபோது அவருக்கு வயது 20. இதழியல் படிக்க வந்தவர். பட்டறையில் சேர இடம் கேட்டு எங்கிளின் அறைக்குப் போனார். தெற்கத்தி உச்சரிப்பு அவ்வளவு அழுத்தமாக இருந்ததால் அவர் சொன்னது எங்கிளுக்கு விளங்கவில்லை. எழுதிக் காட்டச் சொன்னார். தன் பெயரையும், தான் பத்திரிகையாளர் இல்லை என்பதையும், பட்டறையில் சேரலாமா என்ற கேள்வியையும் ஓ’கானர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவருடைய கதைகளைப் படித்துப் பார்த்த எங்கிள் உடனே சேர்த்துக்கொண்டார். வகுப்பில் ஓ’கானர் பின்வரிசையில் உட்கார்ந்தார்; அதிகம் பேசவில்லை. போர்க்களம் பார்த்துவந்த ஆண்கள் நிறைந்த அறையில் அவருடைய கதையை வேறொருவர் வாசிக்க, அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மௌனத்துக்கு உள்ளே என்ன நடந்தது என்பது அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்தே வெளியே தெரிந்தது. 1946 ஜனவரி முதல் 1947 செப்டம்பர் வரை அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கடவுளை நோக்கி எழுதிவந்தார். 2013-ல் அது நூலாக வந்தது. பக்தியான பெண் ஒருத்தியின் வழிபாட்டுக் குறிப்புகள் என்று மட்டும் அதை எண்ணினால் பாதியைத் தவறவிடுவோம். சாதாரண எழுத்தாளராகவே நின்றுவிடுவோமோ என்ற பயம் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. நல்ல கதை ஒன்று அமைந்தால், அதைத் தன் பெருமையாகக் கொள்ளாமல் இருக்க அருள் கேட்கிறார். இங்கே சந்தேகமும் உந்துதலும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. தன்னால் ஆகாது என்ற எண்ணமே, வருவது தன்னுடையது அல்ல என்ற பணிவாக மாறி, எழுத உட்கார வைக்கிறது.

அவருடைய சந்தேகம் கடைசியில் தங்கிய இடம் கதைப் பிரதிதான். பட்டறையில் திருத்தி எழுதுவதில் அவருக்கு இருந்த பிடிவாதத்தை எங்கிள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அயோவாவில் எழுதி 1946-ல் அச்சேறிய ‘ஜெரேனியம்’ என்ற கதை அவருடைய பட்டத் தொகுப்பின் தலைப்புக் கதை. நியூயார்க்கில் மகள் வீட்டில் மாட்டிக்கொண்ட தெற்கத்திக் கிழவர் ஒருவரைப் பற்றியது. அந்தக் கதையை அவர் விடவே இல்லை. இடையில் ஒருமுறை மாற்றி எழுதினார். லூபஸ் நோய் முற்றிய 1964-ல், தன் 39-ஆம் வயதில் இறப்பதற்குச் சற்று முன்பு, அதே கிழவரை ‘தீர்ப்பு நாள்’ என்ற கதையாக முற்றிலும் புதிதாக எழுதினார். பட்டறையில் பாராட்டுப் பெற்று அச்சிலும் வந்துவிட்ட கதையின்மேல் பதினெட்டு ஆண்டு சந்தேகம் வைத்திருந்தவர் அவர். தன்மேல் அவ்வளவு காலம் சந்தேகம் வைத்திருந்தால் எழுத்தே நின்றுபோயிருக்கும்.

சந்தேகம் ஆளிடமிருந்து வரிக்கு நகர்வது தானாக நடப்பதில்லை. பேசுகிறவர் பேசும் விதத்தில்தான் அது இருக்கிறது. கதை மனதில் ஒட்டவில்லை என்று ஒருவர் சொன்னால், எழுதியவர் அதை எடுத்துக்கொண்டு போக ஓர் இடமும் இல்லை, தன்னிடம்தான் கொண்டுபோவார். மகன் ஊரிலிருந்து வந்து கதவைத் தட்டும் இடத்தில், தாய் விளக்கைப் போடுவதற்கு முன்பே அவன் முகத்தில் தாடி வளர்ந்திருப்பதை எப்படிப் பார்த்தாள் என்று கேட்டால், எழுதியவர் அந்த இரண்டு வரிக்குத் திரும்புவார். அங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. விளக்கை முன்னால் கொண்டுவரலாம், அல்லது கையால் தடவித் தெரிந்துகொள்ள வைக்கலாம். இரண்டாவது வழி தோன்றிய நொடியில் கதையே திசைமாறலாம். பட்டறைகளில் நடக்கும் உந்துதலில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சின்னக் கேள்வியின் வாலைப் பிடித்துத்தான் வருகிறது. பெரிய பேச்சுகள் அந்த நேரத்துக்கு இனிக்கும், ஊருக்குத் திரும்பும் வழியிலேயே தீர்ந்துவிடும்.

சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வருக்கு இதைச் செய்தவர் அவருடைய ஆசிரியர் ஜான் கார்ட்னர். கலிபோர்னியாவின் சீக்கோ கல்லூரியில் 1950களின் கடைசியில் நடந்தது. கார்வர் இருபதைத் தாண்டுவதற்குள் திருமணமாகி இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனாகிவிட்டவர். வீட்டில் எழுத இடமில்லை. கார்ட்னர் தன் அலுவலக அறைச் சாவியை அவரிடம் கொடுத்து, வார இறுதிகளில் அங்கே உட்கார்ந்து எழுதச் சொன்னார். பிரதியை அவர் திருத்திய முறையைக் கார்வர் பின்னாளில் விரிவாக எழுதியிருக்கிறார். சில சொற்களையும் வாக்கியங்களையும் கார்ட்னர் அடித்துவிடுவார். அவற்றைப் பற்றிப் பேச்சே கிடையாது. வேறு சிலவற்றை அடைப்புக்குறிக்குள் போடுவார். அவை பேசி முடிவெடுக்க வேண்டியவை. காற்புள்ளி விழும் இடத்தைக்கூட விட மாட்டார். ஓர் இளைஞனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. தன் காற்புள்ளிக்கு நேரம் செலவழிக்கிற ஒருவர், தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ண வழியில்லை. இதே கார்வர் 1963-ல் அயோவாப் பட்டறைக்குப் போனார். கையில் பணமில்லாத நிலையில், பட்டம் வாங்காமலே வெளியேறினார். பட்டறை என்ற பெயர் இருந்தாலே போதாது என்பதற்கும் அவரே சான்று. பத்தாண்டு கழித்து 1973-ல் அதே இடத்துக்கு ஆசிரியராகத் திரும்பினார்.

பாஸ்டனில் 1957-ல் நடந்தது இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஆன் செக்ஸ்டன் அப்போது 28 வயதுக் குடும்பப் பெண். கல்லூரிப் பட்டம் இல்லை. இரண்டு சிறு பெண் குழந்தைகள். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்; மருத்துவர் எழுதச் சொன்னதால் கவிதை எழுதத் தொடங்கியிருந்தார். வயதுவந்தோர் கல்வி நிலையம் ஒன்றில் ஜான் ஹோம்ஸ் நடத்திய கவிதைப் பட்டறை பற்றித் தெரிந்தும், பதிவு செய்யத் தொலைபேசியை எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அண்டை வீட்டுப் பெண் ஒருவர்தான் அழைத்துப் பெயர் கொடுத்தார். முதல் நாள் கூடவே போகவும் செய்தார். அந்த வகுப்பில் மாக்சின் குமின் இருந்தார். ஹார்வர்டின் மகளிர் கல்லூரியான ராட்கிளிஃபில் படித்து, ஒழுங்கான யாப்பில் எழுதிவந்தவர். பின்னணி, படிப்பு, சுபாவம் எதிலும் ஒத்துப்போகாத இருவரும் வாழ்நாள் நண்பர்கள் ஆனார்கள்.

ஹோம்ஸுக்கு செக்ஸ்டனின் திறமையில் சந்தேகம் இல்லை. அவர் எடுத்துக்கொண்ட பொருள்தான் உறுத்தியது. மனநல மருத்துவமனையைப் பற்றி ஒருவர் கவிதை எழுதுவதும், அதை நூலாக்குவதும் தவறு என்றே அவர் எண்ணினார். முதல் தொகுப்பை வெளியிட வேண்டாம் என்று வற்புறுத்தினார். இது வரியைப் பற்றிய விமர்சனம் அல்ல. நீ இதைப் பேசும் ஆளாக இருக்காதே என்பது. இத்தகைய சொல்லைக் கேட்ட புதியவர்கள் பலர் எழுதுவதை நிறுத்தியிருக்கிறார்கள். செக்ஸ்டன் ஒரு கவிதையையே பதிலாக எழுதினார். ஏன் இதை எழுதியே ஆக வேண்டும் என்று ஹோம்ஸுக்கு எடுத்துச் சொல்லும் அந்தக் கவிதை 1960-ல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இடம்பெற்றது. இதற்கிடையே அவர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கவிஞர் ராபர்ட் லோவலின் வகுப்பிலும் சேர்ந்திருந்தார். 1959-ல் சில்வியா பிளாத்தும் அங்கே வந்தார். ஆசிரியர் ஒருவர் மூடிய கதவை இன்னோர் ஆசிரியரும் சக மாணவர்களும் திறந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

குமினுக்கும் செக்ஸ்டனுக்கும் இடையே வளர்ந்த பழக்கம்தான் இந்தக் கதையில் மிக அழகான பகுதி. இருவரும் தங்கள் வீடுகளில் தனித் தொலைபேசி இணைப்பு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலையில் ஒருவர் அழைத்தால் இணைப்பைத் துண்டிப்பதில்லை. மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். அவரவர் மேசைக்குப் போய் எழுதுவார்கள். ஒரு வரி சரியாக வந்ததா என்று கேட்க வேண்டுமானால் ஒலிவாங்கியில் விசிலடிப்பார்கள். மற்றவர் வந்து எடுப்பார். வாரம் ஒருமுறை கூடும் பட்டறை இப்படி நாள் முழுதும் நீண்டது. வரி எழுதிய சூட்டிலேயே கேட்க ஒரு காது இருந்ததால், சந்தேகத்துக்கு இரவெல்லாம் வளர நேரம் கிடைக்கவில்லை. 1967-ல் செக்ஸ்டனுக்கும் 1973-ல் குமினுக்கும் புலிட்சர் பரிசு கிடைத்தது. செக்ஸ்டனின் நோயை நட்போ கவிதையோ குணப்படுத்தவில்லை. 1974-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். எழுத்தைப் பற்றிய சந்தேகம் வேறு, சிகிச்சை தேவைப்படும் துயரம் வேறு. பட்டறை முதலாவதற்குத்தான் பதில் சொல்ல முடியும்.

எழுத்தாளர் சாண்ட்ரா சிஸ்நெரோஸ் அயோவாவில் பட்டம் பெற்றது 1978-ல். சிகாகோவில் மெக்சிகோ வழிக் குடும்பத்தில், ஆறு சகோதரர்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக வளர்ந்தவர். அயோவாவில் தான் அந்நியமாக உணர்ந்ததை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒருநாள் வகுப்பில், பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பாஷ்லாரின் நூலை வைத்து, வீடு என்பது மனதின் கனவுகளைக் காக்கும் இடம் என்பதுபோலப் பேச்சு போனது. மாடி அறை, பரண், நிலவறை என்று மற்றவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாடகைக் குடியிருப்புகளில் இடம்மாறி வளர்ந்த சிஸ்நெரோஸிடம் அப்படியொரு வீடு இல்லை. முதலில் வந்தது வெட்கம்; தான் இங்கே இருக்க வேண்டியவள் அல்ல என்ற எண்ணம். அதற்கடுத்து வந்தது கோபம். அந்தக் கோபத்தோடு ஒரு கேள்வி: இந்த அறையில் இருக்கும் யாராலும் எழுத முடியாதது எது? மெக்சிகோக்காரர்கள் வாழும் தெரு, அந்தப் பேச்சு, அந்தச் சிறிய வீடுகள். 1984-ல் வெளிவந்த ‘மாங்கோ தெருவில் ஒரு வீடு’ அங்கே தொடங்கியது. அவருக்கு அங்கே தோழமையாக இருந்தவர் அதே ஆண்டு பட்டம் பெற்ற ஜாய் ஹார்ஜோ. பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த அவர் 2019-ல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞரானார்.

சிஸ்நெரோஸின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவமானம் நல்லதே செய்தது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது நியாயமற்ற முடிவு. அதே அறையில் கோபப்படாமல் ஒடுங்கிப்போனவர்கள் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்பதில்லை. சிஸ்நெரோஸே அப்படி எண்ணவில்லை. 1995-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், தன் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி அவர் தொடங்கிய ‘மகோந்தோ’ பட்டறை, வந்திருப்பவரின் வாழ்க்கையையும் மொழியையும் மதிப்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டது.

அயோவாவுக்குத் தமிழிலிருந்து போன எழுத்தாளர் அசோகமித்திரன். ஆனால் அவர் போனது பட்டறைக்கு அல்ல. பால் எங்கிளும் ஹுவாலிங் நியே எங்கிளும் 1967-ல் அங்கே தொடங்கிய பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்கு. பல நாட்டு எழுத்தாளர்கள் சில மாதங்கள் ஒரே கட்டடத்தில் தங்கி எழுதவும் பேசவும் செய்வார்கள். பிரதியை நடுவில் வைத்து அலசும் வகுப்பு கிடையாது. 1973-ல் அங்கே தங்கிய அனுபவத்திலிருந்துதான் ‘ஒற்றன்’ நாவல் பிறந்தது. வகுப்பும் விமர்சனமும் இல்லாவிட்டாலும், வேறு வேறு மொழிகளில் வேறு வேறு வேகத்தில் எழுதுகிறவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதே ஓர் எழுத்தாளரைத் தன்னைத் தானே கவனிக்க வைக்கும். அந்த நாவலைத் தமிழ் வாசகர்கள் பயணக் கதையாக மட்டும் படிப்பது வருத்தத்துக்குரியது.

எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற விதி இப்போது கடும் விவாதத்தில் இருக்கிறது. அந்த விதிக்கு ஒரு நியாயம் உண்டு: புத்தகம் வாசகர் கைக்குப் போனபின் எழுத்தாளர் கூடப் போய் விளக்கம் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே உலகத்திலிருந்து வந்திருந்தால் இந்த நியாயம் செல்லும். மேசையைச் சுற்றி இருக்கும் பதினோரு பேருக்கும் தெரியாத ஒரு வழக்கத்தைப் பன்னிரண்டாமவர் எழுதியிருந்தால், அந்தப் பதினோரு பேரின் அறியாமை கதையின் குறையாகப் பதிவாகிவிடும். அவர் பேசவும் முடியாது. மேத்யூ சாலசஸ், ஃபெலீசியா ரோஸ் சாவேஸ் இருவரும் 2021-ல் வெளியிட்ட நூல்கள் இதைத்தான் எடுத்துக்காட்டின. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-ல் வகுத்த முறை எழுத்துப் பட்டறைகளுக்கும் பயன்படுகிறது. பார்த்தவர்கள் முதலில் தங்களுக்கு எது பொருளுள்ளதாக இருந்தது என்று சொல்வார்கள். பிறகு படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்பார். அதன்பின் பார்த்தவர்கள், தம் கருத்தை உள்ளே நுழைக்காத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில், படைத்தவர் சம்மதித்தால் மட்டுமே கருத்து. நேரம் பிடிக்கும் முறைதான். ஆனாலும் எதைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டும் என்று எழுதியவரே முடிவுசெய்ய முடிகிறது. அந்த ஒன்றுக்காகவே இதை ஏற்கலாம்.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் வாழ்க்கை, பட்டறைக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதை எல்லோரையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. 1947-ல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தவர். தந்தை சிறுவயதிலேயே இறந்துபோனார். தாய் பிறர் வீடுகளில் வேலைசெய்து வளர்த்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா குறைபாடு இருந்தது. கூச்சம் அதைவிடப் பெரிய தடை. பத்து வயதில் தாயை நச்சரித்து ஒரு தட்டச்சுப்பொறி வாங்கினார். பன்னிரண்டு வயதில் தொலைக்காட்சியில் ஒரு மட்டமான செவ்வாய்க்கிரகப் படத்தைப் பார்த்து, இதைவிட நன்றாக என்னால் எழுத முடியும் என்று உட்கார்ந்தார். கறுப்பினத்தவர் எழுத்தாளராக முடியாது என்று உறவினர் ஒருவரே சொல்லிக் கேட்டவர். திரைக்கதை எழுத்தாளர் சங்கம் லாஸ் ஏஞ்சலஸில் நடத்திய இலவசப் பட்டறையில் எழுத்தாளர் ஹார்லன் எலிசன் அவரைக் கண்டுகொண்டு, கிளாரியனுக்குப் போகச் சொன்னார்.

1970 கோடையில், நாட்டின் மறுகோடியில் இருந்த பென்சில்வேனியாவுக்கு அவர் போனார். ஆறு வாரம், வாரத்துக்கு ஓர் ஆசிரியர். அவர்களில் ஒருவர் சாமுவேல் டிலேனி, அந்தத் துறையில் அன்று பெயர்பெற்றிருந்த கறுப்பின எழுத்தாளர். கண்முன்னே அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பது, உறவினர் சொன்ன வார்த்தைக்கு நேரடிப் பதில். அந்தப் பட்டறையிலேயே பட்லர் இரண்டு கதைகளை விற்றார். ஒன்று எலிசன் தொகுக்கவிருந்த தொகுப்புக்கு, மற்றொன்று கிளாரியனின் சொந்தத் தொகுப்புக்கு. தான் எழுத்தாளராகிவிட்டதாக அவர் நம்பினார்.

அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒரு கதைகூட விலைபோகவில்லை. எலிசனின் தொகுப்பு பட்லர் உயிரோடு இருந்தவரை வெளிவரவே இல்லை. பட்லர் பாத்திரம் கழுவினார், தொலைபேசியில் பொருள் விற்றார், உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் நல்லது கெட்டது பிரித்தார். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போனார். பட்டறைக்குப் பின்வரும் இந்தக் காலத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆறு வாரம் பன்னிரண்டு பேர் காத்திருந்து படித்தார்கள். ஊர் திரும்பினால் ஒருவரும் கேட்பதில்லை. பட்டறையில் பொங்கிய உந்துதலை நம்பி இருந்தவர்கள் இங்கேதான் நின்றுபோகிறார்கள். புதிய எழுத்தாளர்களுக்கு பட்லர் பின்னாளில் எழுதிய சிறு கட்டுரையில், உந்துதலை மறந்துவிடுங்கள், பழக்கத்தை நம்புங்கள் என்ற பொருளில் அறிவுறுத்துவது இந்த ஐந்தாண்டுப் பாடத்திலிருந்து வந்தது. கிரஹாம் வாலஸ் 1926-ல் படைப்பாக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டியபோதும், பளிச்சென்ற வெளிச்சத்துக்கு முன்னால் தயாரிப்பையும் ஊறலையும், பின்னால் சரிபார்ப்பையும் வைத்தார். வெளிச்சம் நொடியில் வரும். மற்ற மூன்றுக்கும் நாளும் உழைப்பும் வேண்டும்.

பட்லரின் முதல் நாவல் 1976-ல் வந்தது. ‘கிண்ட்ரெட்’ 1979-ல். 1995-ல் மெக்ஆர்தர் நல்கை பெற்றபோது, அதைப் பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவரே. அதே ஆண்டு அதே நல்கை சிஸ்நெரோஸுக்கும் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளிலும் சந்தேகம் பட்லரைவிட்டுப் போகவில்லை என்பது, இப்போது கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கும் அவருடைய நோட்டுகளைப் பார்த்தால் தெரிகிறது. வீட்டுச் செலவுக் கணக்குக்குப் பக்கத்திலேயே தனக்குத் தானே இட்ட கட்டளைகள் இருக்கின்றன. 1988-ல் ஒரு நோட்டின் அட்டையின் உட்புறத்தில், தான் அதிகம் விற்கும் எழுத்தாளராகப்போவதாக உறுதியெடுத்து எழுதினார். அந்தப் பட்டியலிலேயே, ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைக் கிளாரியன் போன்ற பட்டறைகளுக்கு அனுப்பப்போவதாகவும் எழுதி வைத்திருந்தார். தானே அங்கே ஆசிரியராகவும் திரும்பினார்.

பட்லர் 2006 பிப்ரவரியில் காலமானார். அறிவியல் புனைகதைத் துறையைச் சேர்ந்த கார்ல் பிராண்டன் சங்கம் அவர் பெயரில் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தி, வெள்ளையரல்லாத புதிய எழுத்தாளர்களைக் கிளாரியனுக்கும் சியாட்டிலின் கிளாரியன் வெஸ்ட் பட்டறைக்கும் அனுப்பத் தொடங்கியது. 1993-ல் வந்த அவருடைய ‘விதைப்பவனின் உவமை’ நாவல் 2020-ல் நியூயார்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் முதன்முறையாக இடம்பிடித்தது.